விண்மீனுக்கு எல்லை வகுத்த மாணவர்

கொல்லிமலையின் மேலே ஆகாயகங்கை அருவியாக வீழ்ந்து, பாறைகளினூடே வளைந்து இறங்கிவரும் ஐயாறு, அடிவாரத்தில் சற்றே இளைப்பாறும் இடம் புளியஞ்சோலை. வல்வில் ஓரி ஆண்ட மலையின் காலடியில், மர நிழலும் குளிர்நீரும் ஒருங்கே வாய்த்த அவ்விடத்திற்கு ஒரு தைத் திங்களில் எங்கள் இயற்பியல் துறை மாணவர்கள் சுற்றுலா சென்றோம். குளித்தும் களித்தும் பொழுது போனதே தெரியவில்லை. துறையூர் செல்லும் பேருந்துக்காகக் காத்து நின்றபோது நன்றாக இருட்டிவிட்டது. மேற்கே மலை கறுத்து நின்றது. கிழக்கே வானம் திறந்து கிடந்தது. அங்கே ஒரே வரிசையில் மூன்று விண்மீன்கள். அவ்வரிசையைக் கீழ்நோக்கி நீட்டினால், இரவு வானின் விண்மீன்களிலேயே மிகுதியாக ஒளி வீசும் சிரியஸ்!

அந்தச் சிரியஸுக்கு, வெறுங்கண்ணுக்குப் புலப்படாத துணை விண்மீன் ஒன்று உண்டு என்று எங்கள் பேராசிரியர் சொன்னார். ஒரு சிறு விண்மீனைப் பற்றிப் பேசத் தொடங்கியவர், பேருந்து வருவதற்குள் சென்னை அரசுக் கல்லூரியில் படித்த ஓர் இளைஞரின் வரலாற்றைச் சொல்லி முடித்தார். அன்று கேட்டதையும், பின்னர் நூலகத்தில் படித்தறிந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

பிறப்பும் கல்வியும்

சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் லாகூரில் பிறந்தார். தந்தை சி. சுப்பிரமணிய அய்யர் ரயில்வே கணக்குத் துறை அதிகாரி. பணியின் பொருட்டே குடும்பம் அத்துணைத் தொலைவில் வாழ்ந்தது. தாய் சீதாலட்சுமி அம்மையார் கல்வியில் நாட்டமுடையவர். நார்வே நாட்டு நாடகாசிரியர் இப்சனின் புகழ்பெற்ற நாடகம் ஒன்றைத் தமிழில் பெயர்த்தவர். பத்துக் குழந்தைகளுள் மூன்றாமவராகவும், ஆண்மக்களுள் மூத்தவராகவும் பிறந்தவர் சந்திரசேகர். தந்தையின் தம்பிதான் சர் சி. வி. இராமன். அவர் 1888இல் பிறந்த ஊர் திருச்சிராப்பள்ளி. புளியஞ்சோலையும் இன்று அம்மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆகவே இக்குடும்பம் நமக்கு அயலார் குடும்பம் அன்று.

1918இல் குடும்பம் சென்னைக்குக் குடிபெயர்ந்தது. பன்னிரண்டு வயது வரையில் வீட்டிலேயே கல்வி. பிறகு திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி. 1925இல், பதினைந்து வயது நிரம்பும் முன்பே, கடற்கரைச் சாலையில் உள்ள மாநிலக் கல்லூரி. கணிதத்தின்மீதே அவருக்குப் பெருவிருப்பம். ஆனால் மகன் ஐ.சி.எஸ். தேர்வு எழுதி உயர்பதவி பெற வேண்டும் என்பது தந்தையின் ஆசை. கணிதம் மட்டும் படித்தால் எதிர்காலம் என்னாவது என்று அவர் அஞ்சினார். மகன் தந்தையோடு வாதிடவில்லை. அவர் விரும்பியபடி இயற்பியல் ஆனர்ஸ் வகுப்பில் பெயர் கொடுத்தார். ஆனால் கணித வகுப்புகளிலும் தவறாமல் சென்று அமர்ந்தார்!

1928ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் அவர் கல்கத்தாவில் சிற்றப்பாவின் ஆய்வுக்கூடத்தில் தங்கினார். இராமன் விளைவு கண்டறியப்பட்டு மூன்று திங்களே ஆகியிருந்த நேரம். ஆய்வுக்கூடமே திருவிழாக் கோலம் பூண்டிருந்தது. ஆயினும் கருவிகளோடு பழகுவது தம் கைக்கு இயல்பானதன்று என்பதைச் சந்திரசேகர் அங்கே உணர்ந்துகொண்டார். தாளும் எழுதுகோலும் சிந்தனையுமே தம் கருவிகள் என்பது அவருக்குத் தெளிவாயிற்று. கோட்பாட்டு இயற்பியல் என்பது அதுதானே!

சென்னைக்கு வந்த புதிய இயற்பியல்

அந்தக் காலம் எத்தகையது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆற்றல் தொடர்ச்சியாக ஓடும் ஆற்றுநீர் போன்றதன்று. சிறுசிறு பொட்டலங்களாகவே கொடுக்கப்படுகிறது, வாங்கப்படுகிறது என்று 1900இல் மாக்ஸ் பிளாங்க் கூறினார். ஒளியே அத்தகைய பொட்டலங்களால் ஆனது என 1905இல் ஐன்ஸ்டைன் காட்டினார். 1913இல் நீல்ஸ் போர் அணுவுக்குள் எலெக்ட்ரான்களுக்குக் குறிப்பிட்ட படிகளை வகுத்தார். 1925இல் ஹைசன்பர்க்கும் 1926இல் ஷ்ரோடிங்கரும் வெவ்வேறு வழிகளில் குவாண்டம் இயக்கவியலை நிறுவினர். நம் நாட்டு சத்தியேந்திரநாத் போஸ் 1924இல் ஒளித்துகள்களை எண்ணுவதற்கு ஒரு புதிய முறையையே வகுத்துத் தந்தார். இவையெல்லாம் நூல்களில் ஏறி, பாடத்திட்டத்தில் நுழைய இன்னும் பல ஆண்டுகள் ஆகும். கல்லூரி மாணவர் ஒருவர் இவற்றை அறிய வழி ஏது?

வழி தேடி வந்தது. 1928இல் செர்மானிய அறிஞர் அர்னால்டு சோமர்பெல்டு மாநிலக் கல்லூரிக்கு வந்து உரையாற்றினார். அணு அமைப்பைப் பற்றி அவர் எழுதிய பெருநூலைச் சந்திரசேகர் முன்னரே தாமாகப் படித்து முடித்திருந்தார். மறுநாள் அவர் தங்கியிருந்த விடுதிக்கே சென்று பார்த்தார். அந்நூலில் உள்ளவை பெரும்பாலும் பழையவை ஆகிவிட்டன, இடைப்பட்ட சில ஆண்டுகளில் இயற்பியலே மாறிவிட்டது என்று சோமர்பெல்டு அவரிடம் எடுத்துரைத்தார். பதினெட்டு வயது மாணவனுக்கு இது இடி விழுந்தாற்போன்ற செய்தி. ஆனால் வந்தவர் வெறுங்கையோடு அனுப்பவில்லை. உலோகங்களுக்குள் எலெக்ட்ரான்கள் நடந்துகொள்ளும் முறை பற்றித் தாம் எழுதி, இன்னும் அச்சில் வெளிவராத கட்டுரையின் மெய்ப்புத்தாள்களை மாணவரின் கையில் கொடுத்தார்.

அத்தாள்களைக் கொண்டே சந்திரசேகர் ஃபெர்மியும் டிராக்கும் வகுத்த புதிய புள்ளியியலைக் கற்றார். கற்றதோடு நிற்கவில்லை, அதனை வேறொரு சிக்கலில் பொருத்தி ஆய்வுக் கட்டுரையும் எழுதினார். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ரால்ப் ஃபௌலருக்கு அதனை அனுப்ப, 1929இல் அது இலண்டன் ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் வந்தது. அவ்வாண்டு ஹைசன்பர்க்கே சென்னைக்கு வந்தபோது, அவருக்கு நகரைச் சுற்றிக் காட்டும் பொறுப்பு இம்மாணவருக்குக் கிடைத்தது. குவாண்டம் இயக்கவியலைத் தோற்றுவித்தவருடன் மெரினாக் கடற்கரையோரம் உரையாடிக்கொண்டு சென்ற பேறு எத்தனை பேருக்கு வாய்க்கும்!

பேருந்து இருக்கையும் எலெக்ட்ரானும்

இனிச் சிரியஸின் துணைக்கு வருவோம். 1862இல் தொலைநோக்கியில் முதன்முதலாகத் தென்பட்ட அவ்விண்மீனின் நிறை, ஏறத்தாழ நம் சூரியனின் நிறை. உருவமோ பூமியின் அளவே! பூமியைப்போல் மூன்று இலட்சம் மடங்குக்கும் மேற்பட்ட பொருள், பூமி அளவு இடத்தில் அடைபட்டிருக்கிறது. அதிலிருந்து ஒரு தீப்பெட்டி நிறைய அள்ளினால் ஏறத்தாழ 50 டன் இருக்கும். இத்தகைய விண்மீன்களை வெண் குறுமீன்கள் என்பர்.

சூரியன் போன்ற விண்மீனில் எந்நேரமும் ஒரு மற்போர் நடக்கிறது. ஈர்ப்பு விசை உள்நோக்கி அழுத்துகிறது. வெப்பத்தால் கொதிக்கும் வாயு வெளிநோக்கித் தள்ளுகிறது. எரிபொருள் தீர்ந்து வெப்பம் தணிந்தால் விண்மீன் சுருங்கியாக வேண்டும். அப்படியானால் வெண் குறுமீன் ஒரு புள்ளியாகச் சுருங்கிப் போகாமல் எதனால் நிற்கிறது? பழைய இயற்பியலில் இதற்கு விடை இல்லை. குவாண்டம் இயக்கவியலில் இருந்தது.

1925இல் வுல்ப்காங் பௌலி ஒரு விதி கூறினார். ஒரே நிலையில் இரண்டு எலெக்ட்ரான்கள் இருக்க முடியாது என்பதே அது. துறையூர்ப் பேருந்தை நினைத்துப் பாருங்கள். ஒவ்வோர் இருக்கையிலும் இருவர் அமரலாம். எலெக்ட்ரானுக்குத் தற்சுழற்சியில் இரண்டு வகை உண்டாதலால், ஒவ்வோர் ஆற்றல் படியிலும் வகைக்கு ஒன்றாக இரண்டு எலெக்ட்ரான்களுக்கே இடம். முன் இருக்கைகள் நிரம்பிவிட்டால் அடுத்து ஏறுபவர் பின்னே செல்ல வேண்டும். கடைசி இருக்கையில் அமர்ந்தவர் படும் குலுக்கலைச் சொல்லவும் வேண்டுமோ! அவ்வாறே, தாழ்ந்த படிகள் நிரம்பியபின் வரும் எலெக்ட்ரான்கள் மேன்மேலும் உயர்ந்த ஆற்றலுடைய படிகளுக்குச் சென்று, மேன்மேலும் விரைவாக ஓடித்தான் ஆக வேண்டும். வெப்பம் முழுதும் தணிந்துவிட்டாலும் அவற்றின் ஓட்டம் ஓயாது. கீழே இடம் இல்லையே!

இதனோடு 1927இல் ஹைசன்பர்க் கூறிய ஐயப்பாட்டுக் கொள்கையையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு துகளை எவ்வளவு சிறிய இடத்தில் அடைக்கிறோமோ, அவ்வளவுக்கு அதன் உந்தத்தின் பரவல் பெருகும். ஆகவே விண்மீன் சுருங்கச் சுருங்க எலெக்ட்ரான்கள் மிகுந்த வேகத்தோடு எதிர்த்துத் தள்ளும். இவ்வழுத்தமே வெண் குறுமீனைத் தாங்குகிறது என்று 1926இலேயே ஃபௌலர் காட்டியிருந்தார். எத்தகைய விண்மீனும் இறுதியில் வெண் குறுமீனாகி அமைதி அடையும் என்று அறிஞர் உலகம் நிம்மதி கொண்டது.

கப்பலில் பிறந்த கேள்வி

1930இல் சந்திரசேகர் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். இங்கிலாந்து சென்று படிக்க அரசின் சிறப்பு உதவித்தொகையும் கிடைத்தது. ஆனால் தாயார் நோயுற்றுப் படுக்கையில் இருந்தார். இந்நிலையில் கடல் கடந்து செல்வதா என்று உறவினர் தயங்கினர். போகத்தான் வேண்டும் என்று உறுதியாக நின்றவர் அந்தத் தாயே. சூலை 31ஆம் நாள் பம்பாயில் கப்பல் ஏறினார். அன்று அவருக்கு வயது பத்தொன்பது. அடுத்த ஆண்டு மே திங்களில் தாயார் மறைந்தார். மகன் கேம்பிரிட்ஜில் இருந்தார். அன்னையின் முகத்தை மீண்டும் காணும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை.

கப்பலில் முதற் சில நாட்கள் கடல் கொந்தளிப்பு. அது தணிந்தபின் அவர் தாளை எடுத்து அமர்ந்தார். ஃபௌலரின் கொள்கையும், கல்லூரிப் போட்டி ஒன்றில் பரிசாகப் பெற்ற நூல் ஒன்றும் அவர் உள்ளத்தில் இருந்தன. விண்மீன்களின் உள்ளமைப்பைப் பற்றிய அந்நூலின் ஆசிரியர் சர் ஆர்தர் எடிங்டன். இப்பெயரை மறவாதீர்கள், பின்னர் மீண்டும் சந்திப்போம்.

சந்திரசேகர் கேட்டுக்கொண்ட கேள்வி எளியது. விண்மீனின் நடுவில் எலெக்ட்ரான்கள் எவ்வளவு வேகத்தில் ஓடுகின்றன? கணக்கிட்டுப் பார்த்தார். ஒளியின் வேகத்தை நெருங்கும் அளவுக்கு வந்தது! அப்படியானால் ஐன்ஸ்டைனின் சார்பியல் கொள்கையையும் கணக்கில் கொள்ள வேண்டுமே. ஃபௌலர் அதைக் கொள்ளவில்லையே.

இதன் விளைவை நம் வகுப்புக் கணக்காகவே பார்க்கலாம். விண்மீனின் ஆரம் பாதியாகச் சுருங்குவதாகக் கொள்வோம். கன அளவு எட்டில் ஒன்றாகும். அடர்த்தி 8 மடங்கு உயரும். ஈர்ப்பைத் தாங்கத் தேவைப்படும் அழுத்தம் ஆரத்தின் நான்காம் படிக்குத் தலைகீழ் விகிதத்தில் மாறுவது. ஆகவே அது 16 மடங்கு ஆகும். ஃபௌலரின் கணக்கில், எலெக்ட்ரான்கள் தரும் அழுத்தம் அடர்த்தியின் 5/3 படியாக உயர்கிறது. 8இன் 5/3 படி 32. தேவை 16, கிடைப்பது 32! எனவே சுருங்கச் சுருங்க எதிர்ப்பே வெல்லும். ஓரிடத்தில் விண்மீன் நின்றுவிடும்.

ஆனால் எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கிவிட்டால், எவ்வளவு ஆற்றல் கொடுத்தாலும் வேகம் அதற்குமேல் ஏறாது. நொடிக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர் என்பது இயற்கை இட்ட வரம்பு. அப்போது அழுத்தம் அடர்த்தியின் 4/3 படியாக மட்டுமே உயரும். 8இன் 4/3 படி எவ்வளவு? 16. தேவையும் 16, கிடைப்பதும் 16! எவ்வளவு சுருங்கினாலும் எதிர்ப்பு ஈர்ப்பை முந்த வழியில்லை. விண்மீனின் நிறை ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்டால் ஈர்ப்பே வெல்லும், சுருக்கம் நிற்காது. அந்த எல்லை சூரியனின் நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்று இன்று கொள்ளப்படுகிறது. அதுவே சந்திரசேகர் எல்லை.

இவ்வெல்லையைத் தீர்மானிப்பவை எவை என்று பாருங்கள்: அணுவுலகை ஆளும் பிளாங்க் மாறிலி, ஒளியின் வேகம், நியூட்டனின் ஈர்ப்பு மாறிலி, புரோட்டானின் நிறை. ஆய்வுக்கூடத்து மேசையில் அளந்தறியும் நான்கு எண்களைக் கொண்டு, பல ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ள விண்மீனின் தலைவிதியைச் சொல்லிவிடலாம். கோட்பாட்டு இயற்பியலின் பெருமைக்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

சார்பியலைச் சேர்க்க வேண்டும் என்பதை அதே காலத்தில் ஆண்டர்சன், ஸ்டோனர் ஆகியோரும் தனித்தனியே உணர்ந்திருந்தனர். ஆயினும் விண்மீனின் உள்ளமைப்புக் கணக்கோடு பொருத்தி, அதன் பொருளை முழுமையாக ஆராய்ந்து, அதைக் கைவிடாது நின்றவர் சந்திரசேகரே. கேம்பிரிட்ஜில் ஃபௌலர் அம்முடிவைக் கண்டு தயங்கினார். ஆகவே அமெரிக்க வானியற்பியல் இதழ் ஒன்றிற்கு அனுப்ப, 1931இல் வெளிவந்தது. பெரும்பாலோர் கவனிக்கவில்லை.

1935ஆம் ஆண்டு சனவரி 11

அவர் 1933இல் டாக்டர் பட்டம் பெற்றார். கணித மேதை இராமானுசனுக்குப் பிறகு டிரினிடி கல்லூரியின் ஃபெல்லோவாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இந்தியர் என்ற சிறப்பும் கிட்டியது. தம் முடிவைத் தோராயமாக விட்டுவைக்காமல், ஒவ்வொரு நிறைக்கும் துல்லியமாகக் கணக்கிட முனைந்தார். கைப்பிடியைச் சுழற்றி இயக்கும் கணக்குப் பொறியில் பல திங்கள் உழைப்பு. அப்போது எடிங்டன் அடிக்கடி அவரது அறைக்கு வந்து, பணி எவ்வளவு நடந்திருக்கிறது என்று விசாரிப்பார். 1919ஆம் ஆண்டுச் சூரிய கிரகணத்தின்போது ஐன்ஸ்டைனின் கொள்கையைச் சோதித்து உலகப் புகழ் பெற்றவர் எடிங்டன். அத்தகைய பேரறிஞர் தம் ஆய்வில் அக்கறை காட்டுவதைக் கண்டு இளைஞர் மகிழ்ந்தார். அவர் உள்ளத்தில் இருந்ததை இவர் அறியவில்லை.

சனவரி 11ஆம் நாள் இலண்டனில் ராயல் வானியற் கழகத்தின் கூட்டம். சந்திரசேகர் தம் முடிவை எடுத்துரைத்து அமர்ந்தார். அடுத்துப் பேச எழுந்தவர் எடிங்டன். எல்லைக்கு மேற்பட்ட விண்மீன் ஓயாமல் சுருங்கி, இறுதியில் ஒளியும் வெளிவர முடியாத நிலையை அடையும் என்பதே இக்கணக்கின் விளைவு என்பதை அவர் நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார். சொல்லப்போனால் அங்கிருந்தவர்களுள் அதை முற்றும் உணர்ந்தவர் அவர் ஒருவராகவே இருக்கலாம். ஆனால் அதையே காரணமாகக் காட்டி, இத்தகைய அபத்தம் நிகழ இயற்கை இடந்தராது என்றும், சார்பியலையும் குவாண்டம் புள்ளியியலையும் இவ்வாறு இணைத்தது முறையற்றது என்றும் எள்ளி நகையாடினார். அவை சிரித்தது. மறுமொழி கூறச் சந்திரசேகருக்கு வாய்ப்புத் தரப்படவில்லை. கூட்டம் முடிந்தபின் பலர் அவரிடம் வந்து அனுதாபம் தெரிவித்தனர். எடிங்டன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற எண்ணத்தோடு!

இருபத்து நான்கு வயது. அந்நிய நாடு. அடிமை நாட்டிலிருந்து வந்தவர். எதிரே நிற்பவரோ துறையின் முடிசூடா மன்னர். அன்றிரவு கேம்பிரிட்ஜ் திரும்பிய அவர் மனநிலை எப்படி இருந்திருக்கும்!

பேசாதிருந்தவர்கள்

இங்கே நாம் எடிங்டனைக் குறை கூறிவிட்டுப் போய்விடுவது எளிது. ஆனால் அவரைவிட நம்மைச் சிந்திக்க வைப்பவர்கள் வேறு சிலர். சந்திரசேகர் தம் நண்பர் ரோசன்ஃபெல்டு வாயிலாகப் போரிடமும் பௌலியிடமும் கருத்துக் கேட்டார். குவாண்டம் இயக்கவியலை உருவாக்கியவர்கள் அவர்கள். விலக்கல் விதியே பௌலியுடையது. எடிங்டனின் வாதத்தில் சாரம் இல்லை என்பதில் அவர்களுக்கு ஐயமே இல்லை. ஆனால் அதனை வெளிப்படையாக எழுத எவரும் முன்வரவில்லை. வானியல் அவர்கள் துறையன்று. ஒரு பெரியவருடன் வீண் பூசல் எதற்கு என்று இருந்துவிட்டனர். அதே ஆண்டு பாரிஸில் கூடிய உலக வானியலாளர் மாநாட்டிலும் எடிங்டன் தம் கண்டனத்தைத் தொடர்ந்தார். அங்கும் சந்திரசேகருக்கு எழுந்து பேச அனுமதி கிடைக்கவில்லை.

டிராக், பையர்ல்ஸ், பிரைஸ் ஆகிய மூவரும் எடிங்டனின் வாதம் தவறென்று 1942இல் கட்டுரை வெளியிட்டனர். ஏழாண்டுகள் கடந்துவிட்டன. அதற்குள் சந்திரசேகர் அப்பொருளை விட்டே விலகியிருந்தார். எல்லைக்கு மேற்பட்ட விண்மீன் என்னவாகும் என்ற கேள்வியை வானியல் உலகில் பெரும்பாலோர் இருபது, முப்பது ஆண்டுகள் தொடாமலே விட்டனர். ஓர் அவையின் சிரிப்பும், அறிந்தவர் சிலரின் மௌனமும் சேர்ந்து அறிவியலை எவ்வளவு தாமதப்படுத்தலாம் என்பதற்கு இது சான்று.

சோராத உழைப்பு

1936இல் சந்திரசேகர் தாயகம் வந்து லலிதா அவர்களை மணந்தார். மாநிலக் கல்லூரியில் இயற்பியலில் அவருக்கு ஓராண்டு இளைய வகுப்பில் படித்தவர் அந்த அம்மையார். 1937 தொடக்கத்தில் இருவரும் அமெரிக்கா சென்றனர். சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யெர்க்ஸ் வானாய்வகத்தில் பணி. நிறத்தைக் காட்டி அவர் பல்கலைக்கழக வளாகத்தில் பாடம் நடத்துவதைத் தடுக்க முயன்றவரும் அங்கே இருந்தனர். பல்கலைக்கழகத் தலைவர் ஹட்சின்ஸ் அதற்கு இடந்தரவில்லை.

எடிங்டனுடன் வாதிட்டே வாழ்நாளைக் கழிப்பதில் பயனில்லை என்று அவர் தெளிந்தார். தாம் கண்ட முடிவில் ஓர் எழுத்தையும் மாற்றிக்கொள்ளவில்லை. 1939இல் விண்மீன்களின் அமைப்பைப் பற்றிய நூலில் அதனை முழுமையாக எழுதிவைத்துவிட்டு, வேறு பொருளுக்குச் சென்றார். அதன்பின் அதுவே அவர் வாழ்க்கை முறையாயிற்று. விண்மீன் கூட்டங்களின் இயக்கம், விண்மீன்களின் வளிமண்டலத்தில் ஒளி செல்லும் முறை, பாய்பொருள்களின் நிலைப்புத்தன்மை, சுழலும் கோளங்களின் வடிவம், கருந்துளைகளின் கணிதம் என ஒவ்வொன்றையும் ஆண்டுக்கணக்கில் ஆழ்ந்து ஆராய்வார். முடிந்ததும் பெருநூல் ஒன்று எழுதுவார். பிறகு அடுத்த துறைக்கு மாணவனைப்போல் முதல் வகுப்பிலிருந்து தொடங்குவார். கருந்துளை நூல் வெளிவந்தபோது அவருக்கு வயது எழுபத்திரண்டு!

ஆசிரியராகவும் அவர் தளரவில்லை. 40க்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு டாக்டர் பட்ட ஆய்வில் வழிகாட்டினார். யெர்க்ஸிலிருந்து நெடுந்தொலைவு காரோட்டிச் சென்று சிகாகோவில் பாடம் நடத்துவார். அங்கே அவரிடம் பாடம் கேட்ட சீன இளைஞர்களான லீ, யாங் இருவரும் 1957இல் நோபல் பரிசு பெற்றனர். 1952 முதல் 1971 வரையில் வானியற்பியல் ஆய்விதழின் ஆசிரியராக இருந்து, அதனை உலகின் தலைசிறந்த இதழ்களுள் ஒன்றாக்கினார்.

1967இல் துடிப்பு விண்மீன்கள் கண்டறியப்பட்டன. சூரியனை விஞ்சும் நிறை, சில மைல் ஆரத்துக்குள் நியூட்ரான்களாகச் சுருங்கிக் கிடக்கும் விண்மீன்கள் அவை. பின்னர் கருந்துளைகளுக்கும் சான்றுகள் குவிந்தன. இயற்கை இடந்தராது என்று எடிங்டன் எதை மறுத்தாரோ, அதற்கு இயற்கை இடந்தந்தே இருந்தது! 1983இல் சந்திரசேகருக்கும் வில்லியம் ஃபௌலருக்கும் இயற்பியல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. இவர் கேம்பிரிட்ஜ் ஃபௌலர் அல்லர், வேறொருவர். அறிவிப்பு வந்த அக்டோபர் 19, சந்திரசேகரின் எழுபத்து மூன்றாம் பிறந்த நாள். கப்பலில் கணக்குப் போட்ட நாளிலிருந்து ஐம்பத்து மூன்று ஆண்டுகள்!

1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 21ஆம் நாள் அவர் சிகாகோவில் மறைந்தார். அவ்வாண்டுதான் நியூட்டனின் பெருநூலைப் பொதுவாசகர்க்கு விளக்கும் அவருடைய கடைசி நூல் வெளிவந்திருந்தது. 1999இல் விண்ணில் ஏவப்பட்ட எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கிக்குச் சந்திரா என்று அவர் பெயரே சூட்டப்பட்டது.

பகை பாராட்டாத பண்பு

சந்திரசேகர் எடிங்டனை வெறுத்தாரா? இல்லை. கேம்பிரிட்ஜில் இருந்தவரையில் இருவரும் நட்புடனே பழகினர். மிதிவண்டியில் நெடுந்தொலைவு செல்வது எடிங்டனின் பொழுதுபோக்கு. அதைப் பற்றி இருவரும் கடிதங்களிலும் பேசிக்கொண்டனர். 1944இல் எடிங்டன் மறைந்தபோது சந்திரசேகர் அவரைப் போற்றி இரங்கலுரை நிகழ்த்தினார். 1982இல் எடிங்டன் நூற்றாண்டு விழாவுக்கு டிரினிடி கல்லூரி அழைத்தபோதும் சென்று பேசினார். அவர் காலத்தின் தலைசிறந்த வானியற்பியல் அறிஞர் அவரே என்று நிறுவினார். அவர் செய்த பிழையையும் மறைக்காமல் எடுத்துரைத்தார். பெரியவரின் பெருமையையும் சொல்லலாம், அவர் பிழையையும் சொல்லலாம். ஒன்று மற்றொன்றுக்குத் தடையன்று என்பதை அவர் செயலில் காட்டினார்.

மாணவ நண்பர்களே! அரசுக் கல்லூரியில் படிப்பவர்க்கு உலகத்தரமான ஆய்வு எட்டாக்கனி என்று நம்முள் பலர் எண்ணுகிறோம். சந்திரசேகர் படித்ததும் ஓர் அரசுக் கல்லூரியில்தான். பாடத்திட்டம் அவருக்குக் குவாண்டம் இயக்கவியலைக் கற்பிக்கவில்லை. நூலகமும், வந்துபோன அறிஞர் ஒருவர் தந்த சில தாள்களும், விடாத உழைப்புமே கற்பித்தன. பெரியோர் எழுதிய நூலைப் பரிசாகப் பெற்றபோது அதை அவர் முழுதும் படித்தார். அதே பெரியவர் தம் கணக்கை மறுத்தபோது, கணக்கில் பிழை காட்டாதவரையில் அதை மாற்றிக்கொள்ளவும் மறுத்தார்.

எங்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களிடமும் பணிவுடன் ஒரு விண்ணப்பம். வகுப்பில் ஒரு மாணவன் அல்லது மாணவி விந்தையான கேள்வி ஒன்றைக் கேட்கும்போது அவை சிரிக்கலாம். அந்தக் கேள்வியில் பொருள் இருப்பதை நீங்கள் அறிவீர்களானால், அப்போதே சொல்லிவிடுங்கள். ஏழாண்டு கழித்துச் சொன்னால், கேட்டவர் அதற்குள் வேறு வழி போயிருப்பார்.

அன்று பேருந்து வந்ததும் நாங்கள் முண்டியடித்து ஏறினோம். முன் இருக்கைகள் நிறைந்திருந்ததால் கடைசி இருக்கையே எனக்குக் கிடைத்தது. உப்பிலியபுரம் வரும்வரை குலுக்கலில் ஓய்வே இல்லை. பௌலியின் விதி எனக்கு முதன்முதலாக நன்றாகப் புரிந்தது அந்தப் பயணத்தில்தான்.